வெளியாளுக்குத்தான் சீட்டு

ஊசி என்ற பேரைத் தையல்காரி முதன்முதலில் கேட்டது, அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த அன்றைக்குத்தான். பேச்சைக் கொண்டுவந்தவள் பெரியம்மா. கூடப்பிறந்த பெரியம்மா இல்லை. அம்மாவுடைய சித்தி மகள், ஆனால் உரிமையில் அம்மாவுக்கும் ஒரு படி மேலே.

"பையன் தங்கம். அச்சகத்துல புத்தகம் பைண்டிங் பண்றான். குடி கிடையாது, அப்பா அம்மா கிடையாது. ஒரே ஒரு அக்கா, கல்யாணம் வேண்டாம்னு இருந்துட்டவ. ஊசின்னு கூப்பிடுவாங்க."

"நாத்தனார்னாலே குத்துவாங்க. இதுல பேரே ஊசியா பெரியம்மா?"

"நீ தையல்காரிதானேடி. ஊசியப் பாத்து பயந்தா பொழப்பு ஓடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பயம் மட்டும் போகவில்லை.

கல்யாணமாகி அந்த வீட்டுப் படி ஏறின பிறகுதான் பேர் வந்த கதை தெரிந்தது. ஊசியக்காவுக்கு வானொலி நிலையத்தில் இசைத்தட்டு அறையில் வேலை. எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. தட்டுகளைத் துடைக்க, அடுக்க, கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுக்க என்றுதான் சேர்த்துக்கொண்டார்கள். ஒருநாள் ஒலிபரப்பு நடக்கும்போது ஒரு தட்டு கீறலில் மாட்டிக்கொண்டு ஒரே அடியை ஒன்பது தரம் பாடிவிட, மேலதிகாரி கூரைக்கும் தரைக்குமாகக் குதித்தார். அன்றிலிருந்து அவளுக்கு இன்னொரு வேலை. எந்தத் தட்டும் ஒலிபரப்புக்குப் போவதற்கு முன்னால் அவள் ஊசியை வைத்து முதலிலிருந்து கடைசி வரைக்கும் கேட்க வேண்டும். எத்தனையாவது நிமிடத்தில் கீறல், எந்த இடத்தில் கரகரப்பு என்று ஓர் அட்டையில் எழுதி வைக்க வேண்டும். மற்றவர்களுக்குத் தண்டனை மாதிரி இருந்த வேலை. அவளோ இருபத்தெட்டு வருஷம் அதைச் செய்தாள்.

அந்த அறையில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் கடல் தாண்டி வந்த வாத்திய இசை. பாட்டும் கிடையாது, வார்த்தையும் கிடையாது. எழுதினவர்களுடைய பேர்களோ வாய்க்குள் நுழையாது. எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தாள், நாக்கு சுளுக்கிக்கொண்டது. கடைசியில் அவளே எல்லோருக்கும் ஓர் உறவுமுறை வைத்துவிட்டாள். இருபது பிள்ளை பெற்ற ஒருவர், அவர் பெரியப்பா. காது கேட்காமலே எழுதித் தள்ளிய ஒருவர், அவர் செவிட்டு மாமா. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஊரெல்லாம் பாட்டாகக் கொட்டிவிட்டு முப்பத்தொரு வயதிலேயே போய்விட்ட ஒருவர் கண்ணாடித் தம்பி. இந்தக் காலத்து ஆட்களும் இருந்தார்கள். ஒரே நூலைத் திரும்பத் திரும்ப நூற்கிற மாதிரி வாசிக்க வைப்பவர் நூல்கார மச்சான். ஒரு மணியைத் தட்டிவிட்டு அது அடங்கும் வரைக்கும் காத்திருப்பவர் மணியண்ணன்.

"பழைய ஆளுங்க பெரியவங்க மாதிரி. போய் உக்காந்தா அவங்களே பேசுவாங்க," என்பாள். "புது ஆளுங்க புது மருமகன் மாதிரி. முதல் நாள் ஒண்ணும் பிடிபடாது. எடுத்த எடுப்புல குறை சொல்லக் கூடாது. மூணு தரம் வீட்டுக்கு வந்து போகட்டும், அப்புறம் சொல்லு."

"மூணு தரம் வந்தும் பிடிக்கலைன்னா?" என்று அவள் தம்பி, தையல்காரியின் புருஷன், கேட்பார்.

"குறை யார் மேலன்னு பாக்கணும். உன்மேலயாக்கூட இருக்கும்."

அந்தத் தெருவில் அவளுக்கு மருத்துவச்சி மாதிரி ஒரு மரியாதை உண்டு. காரணம் அவள் எழுதிக் கொடுக்கிற சீட்டு. அந்த வாரம் எந்தத் தட்டு எந்த நேரம் வானொலியில் வரும் என்பது அவளுக்குத்தானே முதலில் தெரியும்? யாராவது "எனக்கு ஒண்ணு சொல்லேன் அக்கா" என்று வந்து நின்றால் சட்டென்று சொல்லிவிட மாட்டாள். உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்பாள்.

ஒரு நாள்ல நீங்க எப்போ உட்காருவீங்க? உங்க வீட்டுல எந்தச் சத்தம் உங்களுக்கு ஆகாது? உங்க வீட்டுல கடைசியா போனது யாரு?

மூன்றாவது கேள்விக்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். அவள் விடமாட்டாள். "அது தெரியாம எப்படி ஆளை அனுப்புறது? பொருத்தம் பாக்க வேண்டாமா?"

பிறகுதான் சீட்டு. ரொட்டிக்கடைக்காரருக்கு அவள் எழுதினது இது: வியாழன் பகல் மூன்றேகால். கண்ணாடித் தம்பி. முதல் நாலு நிமிஷம் பொறுத்துக்கோங்க, அப்புறம்தான் வாயத் திறப்பார். பதினோராவது நிமிஷம் ஒரு கீறல் வரும், பயப்பட வேண்டாம்.

அடுத்த நாள் ரொட்டிக்கடைக்காரர் கையில் மாவோடு வாசலில் வந்து நின்றார். "ஏன் அக்கா, அந்தப் புள்ள ஏன் அவ்வளவு சீக்கிரம் போச்சு?" என்று தன் தாயாதி பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேட்டார். கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்றார்.

இப்படி ரொட்டிக்கடைக்காரருக்கு, பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண்ணுக்கு, வாடகையை ஏற்றிக்கொண்டே போன வீட்டுக்காரருக்குக் கூடச் சீட்டு போனது. தையல்காரிக்கு மட்டும் இல்லை. வந்து ஒரு வருஷமாகியும் ஒரு துண்டுக் காகிதம் அவள் கைக்கு வரவில்லை. பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டே அதையே அவள் மனசில் மடித்து மடித்துத் தைத்தாள். எவ்வளவு செய்தாலும் வந்தவள் வந்தவள்தானே என்று ஒரு வெப்புசாரம். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் சீட்டு எழுதுறீங்க அண்ணி. என்னைப் பாத்தா ஆளாத் தெரியலையா?"

ஊசியக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அட பைத்தியமே. வெளியாளுக்குத்தான் சீட்டு. அவங்க அவங்க வீட்டுக்குப் போய்த் தனியா கேக்கணுமே, அதுக்காக எழுதறது. நீ ஏன் தனியா கேக்கணும்? ஞாயித்துக்கிழமை மிஷின நிறுத்திட்டு வந்து என் பக்கத்துல உக்காரு."

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூன்று பேரும் வானொலிப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார்கள். தம்பி பத்தாவது நிமிஷத்தில் தூங்கிவிடுவார். ஊசியக்கா ஒன்றும் விளக்க மாட்டாள். ஆனால் கீறல் வருகிற இடத்துக்குச் சற்று முன்னால் அவள் ஆள்காட்டி விரல் தானாக மேலே எழும். விரல் எழுந்ததும் தட்டில் ஒரு துள்ளல். ஒரு தரம் கூட அது தப்பினதில்லை. அந்த விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டுக் கேட்டுத்தான் தையல்காரிக்கு இசை பழகினது.

ஒருநாள் ஓர் அக்கா, ஒரு தம்பி, இருவரும் எழுதின இசை அடுத்தடுத்து வந்தது. "ரெண்டு பேரும் கூடப்பிறந்தவங்க," என்றாள் ஊசியக்கா. "அக்காவும் தம்பி அளவுக்கு எழுதினா. வெளிய அவ பேரு அவ்வளவா வரல. முதல்ல அவதான் போனா. ஆறு மாசத்துல தம்பி. வரிசை தப்பாம போனாங்க. எங்களுக்கும் அப்படித்தான் நடக்கணும்."

தூங்குவதாக நினைத்த தம்பி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஆறு மாசம் பத்தாதுக்கா. எனக்கு ஒரு பத்து வருஷமாவது விட்டுட்டுப் போ. இவ சட்டை தச்சுக் குடுக்குறேன்னு சொல்லி எட்டு வருஷமாச்சு."

அந்த எட்டாவது வருஷம்தான் தையல்காரிக்குப் பிள்ளை பிறந்தது. பெண். பதினேழு நாள் இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசினதில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஓர் ஆறுதலைச் சொல்லி இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். பெரியம்மா, "வயசு இருக்கு, மரம் இருந்தா காய்க்காமலா போகும்" என்றாள். ஊசியக்கா மட்டும் நாலு நாள் லீவு போட்டும் வீட்டில் இல்லை. காலையில் போகிறாள், சாயங்காலம் வருகிறாள். இவள் எங்கே போய்த் தொலைகிறாள் என்று தையல்காரிக்குக் கோபமாக வந்தது. ஐந்தாம் நாள் ஊசியக்கா பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"லீவு போட்டுட்டு இசைத்தட்டு அறையிலதான் இருந்தேன்மா. எல்லா அடுக்கையும் கலைச்சுப் பாத்துட்டேன். பெரியப்பாவுக்கு இருபதுல பத்து போச்சு, அவர்கிட்டயாவது இருக்கும்னு பாத்தேன். இதுக்கு ஒண்ணும் இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "இருக்குன்னு பொய் சொல்லி உனக்கு எதையாவது போட்டுக் காட்ட எனக்கு மனசு வரல," என்றாள்.

அவ்வளவுதான். பிறகு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வந்துபோன அத்தனை பேரின் ஆறுதலும் தையல்காரிக்கு மறந்துவிட்டது. இது ஒன்றுதான் நின்றது. நாத்தனார் என்ற சொல் அன்றோடு அந்த வீட்டைவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. வருஷங்கள் போயின. ஊசியக்கா ஓய்வு பெற்றாள். அவள் எழுதின கீறல் அட்டைகள் இனி வேண்டாம், குப்பைக்குத்தான் என்றார்களாம்; ஒரு தகரப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

இங்கேதான் அந்த வீட்டார் ஒரு தப்புச் செய்தார்கள். வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்காத தப்பு.

ஒருநாள் சாயங்காலம் ஊசியக்கா, "இன்னொரு டீ சேர்த்துப் போடும்மா, பெரியப்பா வந்திருக்கார்," என்றாள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். "இருபது பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்திருக்காரா? பால் பத்தாதே!" தையல்காரியும் சிரித்துக்கொண்டே ஒரு டம்ளர் டீயைக் கூடுதலாகக் கொண்டுவந்து வைத்தாள். இன்னொரு நாள், "நூல்கார மச்சானுக்கும் எனக்கும் பேச்சு இல்ல, சொன்னதையே சொல்றார்" என்றாள். அதற்கும் சிரிப்பு. மணியண்ணன் படியில் தடுக்கி விழுந்தார், செவிட்டு மாமா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டார் என்று தினம் ஒரு சேதி. வாழ்நாளெல்லாம் அப்படியே பேசிப் பழகினவள். வேடிக்கைப் பேச்சு எந்த இடத்தில் முடிந்தது, மற்றது எந்த இடத்தில் தொடங்கியது என்று யார் கண்டது? மூன்று வருஷம் அவர்கள் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். கூடுதல் டம்ளர் தினமும் ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு மழைநாள். காலையில் போன ஊசியக்கா பொழுது சாயும் வரைக்கும் வரவில்லை. ரொட்டிக்கடைக்காரர்தான் ஓடி வந்து சொன்னார்: "அக்கா ரயில் நிலையத்துல நிக்கிறாங்க. கூப்பிட்டா வரமாட்டேங்கிறாங்க."

தம்பியும் தையல்காரியும் போய்ப் பார்த்தபோது, கூரையில்லாத இடத்தில் நடைமேடையின் நுனியில் நின்றிருந்தாள். தொப்பலாக நனைந்து உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு கையில் அட்டை. அதில் பெரிய பெரிய எழுத்தில், மாமா இங்கே வாங்க, என்று எழுதியிருந்தது. மை கரைந்து முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது. இன்னொரு கையில் குடை, மடித்தபடியே.

"என்னக்கா இது? யாருக்காக நிக்கிற?"

"செவிட்டு மாமா வர்றார்டா. ஒலிபெருக்கியில சொன்னா அவருக்குக் கேக்காதில்ல? அதான் எழுதி எடுத்துட்டு வந்தேன்."

"குடையை விரிச்சிருக்கலாமே அண்ணி," என்றாள் தையல்காரி.

"அது அவருக்கும்மா. நனைஞ்ச குடையைக் குடுத்தா கோவிச்சுப்பார்."

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. தம்பி நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் தலையின் படங்களைப் பார்த்தார். நிறையக் கேட்டார். "எப்போலேருந்து இப்படிப் பேசறாங்க?" என்றார். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பது வருஷமாக என்று சொல்வதா, மூன்று வருஷமாக என்று சொல்வதா? "முன்னமே வந்திருந்தா இந்த மறதி நோயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம்," என்றார் டாக்டர். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கூடுதல் டம்ளரை நினைக்கும்போதெல்லாம் தையல்காரிக்கு இன்றைக்கும் தன் மேலேயே கோபம் வரும்.

ஊசியக்காவுக்கு உறவுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. முதலில் பெரியம்மா, பிறகு தெருக்காரர்கள். இல்லாத உறவெல்லாம் கெட்டியாக இருந்தது, இருக்கிற உறவுதான் நழுவினது. ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலிப்பெட்டியின் முன்னால் உட்கார வைத்தால் மட்டும் முகம் தெளியும். வானொலியில் இப்போதெல்லாம் பழைய தட்டுகள் இல்லை, கீறலும் இல்லை, கண்ணாடி மாதிரிச் சுத்தமாக வருகிறது. ஆனாலும் அந்தந்த இடம் வரும்போது அவள் விரல் எழும். துள்ளல் வராது. விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, குழம்பி, மடிக்குத் திரும்பும்.

தம்பியை மட்டும் அவள் மறக்கவில்லை. அதுதான் வினையாக முடிந்தது.

அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டு, தைத்து முடித்த புத்தகக் கட்டின் மேல் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக் கூட வேலை செய்கிறவர்கள் சத்தம் போடாமல் நடந்தார்களாம். தூங்கும் ராசிக்காரர், அப்படித்தான் நினைப்பார்கள்.

வீட்டில் அழுகை நடக்கும்போது ஊசியக்கா எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள், யார் வீட்டுச் சாவு என்று தெரியாமல். மூன்றாம் நாள் கேட்டாள்: "தம்பி எங்கம்மா?"

சொல்லத்தானே வேண்டும்? தையல்காரி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துச் சொன்னாள். ஊசியக்கா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "நான் இருக்கேனே! நான்தானே முதல்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழுது அழுது தூங்கிப் போனாள். மறுநாள் காலையில் முகம் கழுவிவிட்டு வந்து, "தம்பி எங்கம்மா?" என்றாள்.

தையல்காரி இரண்டாவது தரமும் சொன்னாள். அதே சத்தம், அதே வார்த்தை, அதே அடி. மூன்றாவது தரம் கேட்டபோது அவளுக்கு மனசு வரவில்லை. ஒரே சாவுக்கு ஒரு மனுஷியை எத்தனை தரம் அழ வைப்பது?

"வேலைக்குப் போயிருக்கார் அண்ணி. சாயங்காலம் வந்துடுவார்."

"அப்படியா," என்று அவள் சமாதானமாகிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அதே பொய். பெரியம்மா திட்டினாள். "கூடப்பிறந்தவளுக்கு மறைக்கிற, இது அடுக்குமாடி?" தையல்காரி காலரை மடித்துத் தைத்துக்கொண்டே இருந்தாள். தன் துக்கத்தை அழ ஒரு பொழுது வேண்டும், அதுவும் அவளுக்கு இல்லை; சாயங்காலம் வருகிறவரின் பெண்டாட்டி முகத்தோடு வீட்டில் நடமாட வேண்டும். அவள் ஒன்றே ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பேர் சொல்லாவிட்டாலும் 'அம்மா' போட்டு அழைக்கிறாளே, பக்கத்தில் உட்காரச் சொல்கிறாளே. அந்த வீட்டில் தன்னை 'தன் ஆள்' என்று சொல்ல இன்னும் ஓர் ஆள் இருக்கிறதே.

போன மாதம் ஒரு நாள் பகல். தையல்காரி மிஷினில் இருந்தாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"வாங்க. ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? உக்காருங்க."

திரும்பினாள். வேறு யாரும் இல்லை. அவள் நிற்கவும் இல்லை. ஊசியக்கா தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வெளியாட்களைப் பார்க்கிற அந்த மரியாதையான சிரிப்போடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீட்டு கேட்டுத்தானே வந்தீங்க? நான் மூணு விஷயம் கேப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு நாள்ல நீங்க எப்போ உட்காருவீங்க?"

தையல்காரி மிஷினை நிறுத்தினாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தச் சீட்டுக்கு எப்படி ஏங்கினாள்!

"நாள் முழுக்க உக்காந்துதான் இருக்கேன் அண்ணி. தையல் வேலை."

"அது உக்கார்றது இல்ல, வேலை. சரி. உங்க வீட்டுல எந்தச் சத்தம் ஆகாது?"

அவள் யோசித்தாள். "ஆறு மணிக்கு வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம். பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆனாலும் ஆகல."

ஊசியக்கா புரிந்தது மாதிரித் தலையை ஆட்டினாள். "உங்க வீட்டுல கடைசியா போனது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"ஐயோ பாவமே. வயசு ஒண்ணும் ஆகலையே உங்களுக்கு. அவருக்குக் கூடப்பிறந்தவங்க?"

"ஒரு அக்கா."

"இருக்காங்களா?"

"இருக்காங்க."

ஊசியக்காவின் முகம் மாறியது. முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

மிஷினின் சக்கரத்தில் வைத்த கையைத் தையல்காரி எடுக்கவில்லை. "சொன்னேன். ரெண்டு தரம்."

"என்ன சொன்னாங்க?"

"நான்தானே முதல்லன்னு அழுதாங்க."

"அழத்தானே செய்வாங்க. அக்காதானே முன்ன போகணும், அதுதானே வரிசை." அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. யாரோ ஒரு முன்பின் தெரியாத அக்காவுக்காக, சத்தமில்லாமல் அழுதாள். தையல்காரியும் அழுதாள். அவர் போய் ஒரு வருஷம் ஆன பிறகு, அவருக்காக அந்த இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

பிறகு ஊசியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இல்லை என்று ஓரமாக வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"இருங்க, தேடறேன். இதுக்கு நிச்சயமா ஏதாவது இருக்கும்."

இதுக்கு ஒண்ணும் இல்ல என்று முன்னொரு நாள் தரையில் உட்கார்ந்து சொன்னவள் அவள்தான். அதுவும் அவளுக்கு மறந்துவிட்டது.

ஊசியக்கா இப்போது அந்த வீட்டிலேயே, மிஷின் இருக்கிற அறையில், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள். மடியில் தகரப்பெட்டி இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறாள்.